மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் மீன்கள்

விடிய இன்னும் நேரமிருக்கிறது. சென்னை கொளத்தூரின் ஒரு சந்தில் மட்டும் டியூப் லைட்டுகள் பளிச்சென்று எரிகின்றன. ஷட்டர் பாதி திறந்திருக்கும் கடை வாசலில் ‘உஸ்ஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம். முதல்முறை வருபவர்கள் காஸ் கசிகிறதோ என்று திடுக்கிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வரும் குழாயை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டிருக்கிறார் கடை ஊழியர். சுருங்கிக் கிடந்த பை சில நொடிகளில் எழுந்து நிற்கிறது. அதன் கழுத்தை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டைச் சுற்றுகிறார். பூக்காரம்மாவின் விரல்கள்கூட இவ்வளவு வேகமாக ஓடுமா என்பது சந்தேகம்தான்.

பைக்குள் துள்ளுபவை கப்பி மீன்கள். இன்று இரவுக்குள் அவை வேறொரு மாநிலத்தில் இருக்கும். “மீன் பறக்குமா?” என்று குழந்தைகள் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். கொளத்தூரில் கேட்டால், “தினமும்தான் பறக்குது!” என்று பதில் வரும்.

தெருவெல்லாம் தொட்டி

சென்னையில் வளர்ப்பு மீன் என்றால் ஒரு தலைமுறைக்கு ஞாபகம் வருவது சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட். 1985-ல் தீப்பிடித்து எரியும்வரை பழைய புத்தகம், கிளி, புறா, மீன் எல்லாம் அங்கே கிடைத்தன. இன்றைய தலைமுறைக்கு அந்த இடம் கொளத்தூர்.

பெரம்பூர், வில்லிவாக்கம், ரெட்டேரி என்று சுற்றிலும் நெரிசலான பகுதிகள். நடுவே இந்தத் தெருக்களில் மட்டும் கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், மோலி, டெட்ரா, ஆஸ்கர், ஃபைட்டர் என வரிசையாக நீந்துகின்றன. சில வீடுகளின் மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குக் கீழே சிமென்ட் தொட்டிகள். செங்குன்றம், பொன்னேரி பக்கமுள்ள பண்ணைகளில் வளர்ந்த மீன்களும் இங்கேதான் வந்து சேருகின்றன.

வருவது போலவே போவதும் உண்டு. பக்கத்து ஊர்களுக்கு பஸ்ஸிலும் ரயிலிலும் பெட்டிகள் போகின்றன. தூரத்து நகரங்களுக்கு விமானம். பெயரிலேயே மீனை வைத்திருக்கும் மீனம்பாக்கத்துக்கு, கொளத்தூர் மீன்கள் தெர்மோகோல் பெட்டியில் பயணம் போவது ஒரு வேடிக்கையான பொருத்தம்தான்.

“மடியில வெச்சுக்கலாமா?”

வியாபாரிகள் மட்டும்தான் இங்கே வருகிறார்கள் என்றில்லை. கோடை விடுமுறை முடியும் சமயத்தில் இன்னொரு கூட்டமும் வரும். அப்பாவுக்கு டிரான்ஸ்பர், வீட்டைக் காலி செய்கிறார்கள், மீனை என்ன செய்வது?

அப்படித்தான் பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. டெல்லிக்கு மாற்றல். ஐந்தாம் வகுப்பு முடித்த மகளின் கையில் ஒரு செல்போன் படம். உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்த ஆரஞ்சு நிறக் கோல்டு ஃபிஷ். அவள் யூ.கே.ஜி. படிக்கும்போது இதே கடையில் வாங்கியது.

“அண்ணே, ஃபிளைட்ல மடியில வெச்சு எடுத்துட்டுப் போயிடலாமா? அமெரிக்காவுல இருக்கிற மச்சான், அங்க கையிலேயே கொண்டு போறாங்கன்னு சொல்றாரு” என்றார் அப்பா.

நரைத்த தலையோடு தொட்டி கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் சிரித்தார். “அவர் சொல்றது பொய்யில்ல சார். ஆனா அது அங்க.”

அமெரிக்காவில் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கவனிக்கும் டி.எஸ்.ஏ., தண்ணீரோடு கூடிய உயிருள்ள மீனை அனுமதிக்கிறது. உள்ளே தெரியும்படியான பாத்திரத்தில் இருக்க வேண்டும். அதிகாரி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். செக்-இன் பெட்டிக்குள் போட மட்டும் அனுமதி கிடையாது. ஆனால், சோதனை வாசலைத் தாண்டிவிட்டால் மட்டும் போதாது. விமான நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு கதவுகள். ஒன்று திறந்தால் இன்னொன்றும் திறக்கும் என்பதில்லை.

நம் ஊரில் விமான நிறுவனங்களின் செல்லப்பிராணி விதிகள் பெரும்பாலும் நாய், பூனையைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதையும் எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. மீனுக்கு வழக்கமான வழி, சரக்குப் பிரிவு. அதாவது, மீன் ஒரு ‘கார்கோ’. டிக்கெட் போடுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். விமான நிலையத்துக்கு மீனோடு போய் நின்றுகொண்டு, பையை யாரிடம் கொடுப்பது என்று தவிக்கக் கூடாது.

“லக்கேஜோட லக்கேஜா போகுமா?” என்றாள் சிறுமி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“லக்கேஜ் இல்ல பாப்பா. உயிருள்ள ஜீவன்னு தனி லேபிள் ஒட்டித்தான் போகும்” என்றார் கடைக்காரர்.

உண்மைதான். விமானச் சரக்கு உலகில் உயிருள்ள பிராணிகளுக்கு ‘ஏ.வி.ஐ.’ என்று ஒரு தனிக் குறியீடு உண்டு. எந்தப் பிராணியை எப்படிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதற்கு ஐ.ஏ.டி.ஏ. என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஆண்டுதோறும் விதிப் புத்தகம் வெளியிடுகிறது. சிங்கத்துக்கு இருப்பதுபோல மீனுக்கும் அதில் இடமுண்டு.

பட்டினி போட்டால்தான் பயணம்

அன்றைக்கே பேக் செய்து கொடுத்துவிடுவார் என்று நினைத்துத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

“கடைசியா எப்ப தீனி போட்டீங்க?”

“இப்ப கிளம்பறதுக்கு முன்னாடி. ஊருக்குப் போகுதேன்னு ரெண்டு உருண்டை சேர்த்தே போட்டேன்” என்றாள் சிறுமி பெருமையாக.

ஊருக்குப் போகிறவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புவது நம் வழக்கம். மீனுக்கு அது விஷம். பெரிய தொட்டியில் மீனின் கழிவை வடிகட்டியும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் பார்த்துக்கொள்கின்றன. சிறிய பையில் அந்த வேலைக்கு ஆளில்லை. கழிவிலிருந்தும் செவுள் வழியாகவும் வெளியேறும் அமோனியா அந்தக் கொஞ்ச நீரிலேயே சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் சிறிய மீன்களுக்கு ஒரு நாளும், பெரிய மீன்களுக்கு இரண்டு நாளும் உணவை நிறுத்திவிட்டுப் பேக் செய்கிறார்கள். மீனின் உடல் நம்முடையதைப் போல எப்போதும் சூடாக இருக்கத் தேவையில்லாதது. இரண்டு நாள் பட்டினி அதற்குப் பெரிய விஷயமே இல்லை.

“புதன்கிழமை ராத்திரி ஃபிளைட்டா? அப்போ திங்கக்கிழமையில இருந்து ஒண்ணும் போடாதே பாப்பா. கெஞ்சும். கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்து காட்டும். நீ பார்க்காதே” என்றார் கடைக்காரர்.

ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன்

புதன்கிழமை பிற்பகல் அவர்கள் மீண்டும் வந்தபோது சிலிண்டர் தயாராக இருந்தது. மீன் வந்தது ஒரு மூடிபோட்ட பக்கெட்டில். அதன் சொந்தத் தொட்டித் தண்ணீரோடு.

பையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தண்ணீர் ஊற்றினார். அம்மாவுக்குப் பதற்றம். “தண்ணி கொஞ்சமா இருக்கே, முழுசா ஊத்துங்களேன்!”

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். நீர் நிறைய இருந்தால் மீன் பிழைத்துவிடும் என்று நினைக்கிறோம். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அது தீரத் தீர, மேலே இருக்கும் இடத்திலிருந்துதான் மீண்டும் கரைய வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். பைக்குள் இருந்த காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுச் சுத்தமான ஆக்சிஜனை நிரப்பினால், அதே இடத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஒழுங்காகப் பேக் செய்த மீன் ஒரு நாளுக்கு மேலும் தாங்குவது இதனால்தான்.

ஃபைட்டர் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதன் தலைக்குள் இருக்கும் ஒரு விசேஷ உறுப்பால் நேரடியாக மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதனால் சிறு பையும், கொஞ்சம் நீரும், சாதாரணக் காற்றும் அதற்குப் போதும். ஆனால் தனித்தனிப் பை வேண்டும். இரண்டு ஆண் ஃபைட்டர்களைச் சேர்த்துப் போட்டால், போய்ச் சேரும்போது மிஞ்சுவது சண்டையின் மிச்சம்தான். 2019-ல் தாய்லாந்து இந்த ஃபைட்டரைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

கோல்டு ஃபிஷ்ஷின் பைக்குக் கீழ் மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு மடக்கினார் ஊழியர். மூலை கூராக இருந்தால் சிறு மீன்கள் அதில் சிக்கி நசுங்கும். அந்தப் பழக்கம் எல்லாப் பைகளுக்கும் தொடர்கிறது. பிறகு அந்தப் பையைத் தலைகீழாக இன்னொரு பைக்குள் இறக்கினார். ஒன்று ஓட்டையானால் இன்னொன்று காப்பாற்றும். முள் துடுப்புள்ள கெளுத்தி வகை மீன்களுக்கு இரண்டு பைக்கு நடுவே செய்தித்தாளும் சுற்றுகிறார்கள்.

ஆக்சிஜன் நிரப்பும்போது ஒரு விஷயம். பஸ்ஸில் போகும் பைகள் கல்லு மாதிரி விறைப்பாக இருக்கும். விமானத்துக்குப் போகும் பையைக் கொஞ்சம் தளர்வாகவே கட்டினார். “ஊட்டிக்குப் போறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்புமே, பார்த்திருக்கியா?” என்று சிறுமியிடம் கேட்டார்.

கச்சிதமான விளக்கம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,350 அடி உயரம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 8,000 அடி மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. பயணிகள் விமானத்தில் சரக்கு அறையும் அப்படித்தான். எனவே பை உப்பும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் முடிச்சு விடும்.

எமன் வெயில்தான்

பைகள் தெர்மோகோல் பெட்டிக்குள் போயின. அதைச் சுற்றி அட்டைப் பெட்டி. ‘உயிருள்ள மீன்’ என்று ஒரு லேபிள், ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி, இரண்டு ஊரின் போன் நம்பர்.

தெர்மோகோல், அடிபடாமல் இருக்க மட்டும் இல்லை. வெப்பநிலை அதிரடியாக மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லி கிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைகிறது. ஆனால், சூடான நீரில் மீனுக்கு மூச்சு வாங்கும் வேகம் கூடும். வரவு குறைந்து செலவு ஏறும் குடும்ப பட்ஜெட் மாதிரி.

மீனுக்கு ஆபத்தான இடம் ஆகாயம் இல்லை. விமானத்துக்கு ஏற்றுவதற்கு முன்பும் இறக்கிய பின்பும் பெட்டி காத்துக் கிடக்கும் தரைதான். டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் பகல் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால்தான் கடைக்காரர் இரவு விமானம், அதுவும் வழியில் மாறாத நேரடி விமானம் என்று பிடிவாதம் பிடித்தார். செய்தித்தாள் சுற்றிய ஒரு ஜெல் ஐஸ் பொட்டலத்தைப் பைகளுக்கு வெளியே வைத்தார். டிசம்பர், ஜனவரி என்றால் இதே டெல்லிக்கு எதிர்க் கவலை. குளிர் தாங்காத டெட்ராக்களுக்கு சூடு தரும் பொட்டலம் வைக்க வேண்டியிருக்கும்.

கார்கோ ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே பதிவு செய்வது, நிறுவனம் கேட்டால் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வாங்குவது என்று காகித வேலையும் உண்டு. முதல்முறை அனுப்புபவர்கள், தினமும் அனுப்பும் கடைக்காரர் மூலம் போவதே நிம்மதி.

எல்லா மீனும் ஏறக் கூடாது

அந்த வீட்டுத் தொட்டியில் கோல்டு ஃபிஷ் மட்டும் இல்லை. சின்னத் தொட்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு கப்பிகளும் இருந்தன. அவற்றையும் கொண்டு போக வேண்டும் என்றாள் சிறுமி. “குட்டி மீனுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? ரெட்டேரில விட்டுடலாமே, சுதந்திரமா இருக்கும்” என்றார் பாட்டி.

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா, அதை மட்டும் செஞ்சிடாதீங்க.”

பரிதாபப்பட்டு ஏரியில் விடும் மீன்களில் பல, சில நாளில் இரையாகிச் சாகும். சாகாதவை இன்னும் பெரிய தொல்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் ‘சக்கர்’ மீன், தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. யாரோ தூக்கிப் போட்டதில் பெருகி, இன்று தமிழக நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. விடுவதைவிடக் கொடுப்பது மேல். கப்பிகள் எதிர்வீட்டுப் பையனுக்குப் போயின. அவனுக்கு அன்று தீபாவளி.

சட்டம் தடுக்கும் மீன்களும் உண்டு. கடல்குதிரை நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ‘வாஸ்து மீன்’ என்று தேடி வாங்கும் ஆசிய அரோவானாவின் சர்வதேச வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாடு போய்வரும்போது அழகாக இருக்கிறதே என்று ஒரு மீனைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் ஆபத்து. உயிருள்ள மீனை இறக்குமதி செய்ய முன் அனுமதியும், நோய் பரவாமல் தடுக்கத் தனிமைப்படுத்தலும் உண்டு.

பழைய வீட்டிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச்

பெட்டியை டேப் போட்டு ஒட்டும் முன், கடைக்காரர் இன்னொரு சின்னப் பையைக் கொடுத்தார். அதற்குள் அவர்கள் தொட்டி வடிகட்டியில் இருந்த பழைய ஸ்பாஞ்ச், ஈரத்தோடு. பார்க்க அழுக்கு.

“இதைக் கழுவிடாதீங்க. மீனைவிட இது முக்கியம்” என்றார்.

பல குடும்பங்களின் மீன்கள் விமானத்தில் சாவதில்லை. புது வீட்டில், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சாகின்றன. பளபளவென்று கழுவிய புதுத் தொட்டியில், அமோனியாவைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் ஒன்றுகூட இருக்காது. அவை பெருக வாரக்கணக்கில் ஆகும். பழைய ஸ்பாஞ்சில் அவை ஏற்கெனவே குடியிருக்கின்றன. உறைமோர் மாதிரி. அது இருந்தால்தான் பால் தயிராகும். இது இருந்தால்தான் தண்ணீர் மீனுக்கு வீடாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீனுக்கும் ஆகாது, இந்த நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. அதற்கான சொட்டு மருந்து கலந்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. “பெட்டி வந்ததும் ஆசையில பையைப் பிரிச்சிடாதீங்க.”

மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, நீர் லேசாக அமிலத் தன்மை அடைகிறது. அந்த அமிலத்தில் அமோனியா பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, அமிலம் குறைகிறது, அமோனியாவுக்குப் பல் முளைக்கிறது. எனவே, மூடிய பையை அப்படியே தொட்டி நீரில் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்கவிட்டு, இரண்டு நீரின் சூட்டையும் சமமாக்க வேண்டும். திறந்த பிறகு தாமதமே கூடாது. மீனை மட்டும் மெதுவாக எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிட வேண்டும். விளக்கை அணைத்துவைக்க வேண்டும். அன்று முழுக்க உணவு கிடையாது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். மீன் பயணத்தில் முதல் பாதம் முதல் கடைசிப் படி வரை அதுதான் விதி.

“இன்னைக்கு ஒண்ணு போடலாமா?”

அன்று மாலை போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து பெட்டி மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. இரவு, சுமார் மூன்று மணி நேர விமானப் பயணம். முந்தைய நாளே டெல்லி போய் வீட்டைத் தயார் செய்திருந்த சித்தப்பா, விடியற்காலையில் கார்கோ கவுன்ட்டரில் காத்திருந்தார். பெட்டியை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், அதைக் காரின் டிக்கியில் போடாமல் முன் சீட்டில் ஏ.சி.யில் வைத்ததுதான்.

கோல்டு ஃபிஷ் நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற கோல்டு ஃபிஷ், 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸில் இடம் பிடித்தது. ஒரு குழந்தை வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிடும் காலம் அது. அப்படிப்பட்ட ஜீவனுக்காக இரண்டு நாள் பொறுமை பெரிய விலை இல்லை.

இரண்டு நாள் கழித்து, கொளத்தூர் கடையில் போன் அடித்தது. இந்தப் பக்கம் ‘உஸ்ஸ்ஸ்’ சத்தம். அந்தப் பக்கம் சிறுமி.

“அங்கிள், நேத்து ஃபுல்லா ஓரமாவே நின்னுச்சு. இன்னைக்குக் கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்து காட்டுது. ஒண்ணே ஒண்ணு போடலாமா?”

கடைக்காரர் சிலிண்டரை மூடிவிட்டு, சிரித்தார்.

“கேக்குதுல்ல? அப்போ போடு பாப்பா. ஒண்ணே ஒண்ணு.”